நீள முடிப் பூனைக்குட்டி வருமுன்: ஒரு நெமிலிச்சேரி வீட்டுக்கான குறிப்புகள்

ஒரு பெர்ஷியன் பூனைக்குட்டியை வீட்டுக்குக் கொண்டு வரலாமா, வேண்டாமா? ரெண்டு மாசமா எங்க வீட்டுல ஓடிக்கிட்டிருக்கிற கேள்வி இது. அம்பத்தூர்ல தெரிஞ்சவங்க வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கு. அதுல ஒண்ணை எங்களுக்குத் தர்றதா சொல்லியிருக்காங்க. பத்து வயசு மகளுக்கு அதுக்குள்ள பேரே வெச்சாச்சு. ஆனா எங்க வீட்டுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, அம்மாவுக்கு வீசிங். ரெண்டாவது, நாங்க இருக்கிறது மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற முதல் மாடி. ஏப்ரல், மே மாசத்துல ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரைத் தொட்டா சுடும்.

பூனை 15 வருஷம் வாழக்கூடிய பிராணி. இப்ப பத்து வயசுல இருக்கிற பொண்ணு வேலைக்குப் போற வயசு வரைக்கும் அது இருக்கும். அதனால "பார்த்துக்கலாம்"னு கொண்டு வந்துட்டு, ஆறு மாசத்துல யார் தலையிலாவது கட்டுற வேலை வேண்டாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டோம். படிச்சது, டாக்டரைக் கேட்டது, பூனை வளர்க்கிறவங்க சொன்னது எல்லாத்தையும் எனக்காகக் குறிச்சு வெச்சேன். நம்ம பக்கத்து வெயில், நம்ம வீட்டுப் பழக்கங்களை வெச்சு எழுதினது இது. அதே யோசனையில இருக்கிறவங்களுக்கு உதவும்.

நீள முடி எங்கிருந்து வந்தது?

பேரைப் பார்த்தா பாரசீகப் பூனை. அந்தப் பேருக்கு ஒரு பயணி காரணம். பியேத்ரோ தெல்லா வல்லே என்கிற இத்தாலியர் 1620-ல் பாரசீகத்துல இருந்தப்ப, கொராசான் பகுதியிலிருந்து வந்த, பட்டு மாதிரி நீள முடி உள்ள சாம்பல் நிறப் பூனைகளைப் பற்றி எழுதினார். அவற்றை இத்தாலிக்குக் கொண்டு போகணும்னும் ஆசைப்பட்டார். இதே ஆள்தான் 1623-ல் கப்பலேறி சூரத், கோவா, மங்களூர், கோழிக்கோடு வரை வந்தவர். அப்புறம் ஐரோப்பாவுல, முக்கியமா இங்கிலாந்துல, இந்தப் பூனைகளைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் பண்ணினாங்க. 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ்ல நடந்த பூனைக் கண்காட்சிக்கு அப்புறம் அது ஒரு மோகமாவே மாறிச்சு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 2008-ல் உலகம் முழுக்க உள்ள பூனைகளின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், இன்றைய பெர்ஷியன் பூனைகள் மேற்கு ஆசியப் பூனைகளோட சேராம, மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடதான் சேர்ந்து நின்னது. பேர் பாரசீகம், ரத்தம் ஐரோப்பா. நம்ம ஊர் வெயிலுக்காகவோ, பாரசீக வெயிலுக்காகவோ உருவான பூனை இல்ல அது. இதை மனசுல வெச்சுக்கணும்.

நீள முடிக்குக் காரணம் எஃப்ஜிஎஃப்5 என்கிற மரபணு. முடி வளர்றதை ஒரு கட்டத்துல "போதும், நிறுத்து"ன்னு சொல்ற புரதத்தை அது உண்டாக்குது. அந்த மரபணு பழுதானா நிறுத்தச் சொல்ல ஆள் இல்ல. முடி வளர்ந்துக்கிட்டே போகுது. இதை 2007-ல் கண்டுபிடிச்சாங்க. இது ஒடுங்கு பண்பு. அதாவது அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதியும் பழுதாயிருந்தாதான் குட்டிக்கு நீள முடி வரும். பெர்ஷியனும் நாட்டுப்பூனையும் சேர்ந்து பிறந்த குட்டிக்கு பெரும்பாலும் குட்டை முடிதான் வரும். ஆனா எந்தக் குட்டியும் ஒன்றரை மாசத்துல புசுபுசுன்னுதான் இருக்கும். அதை மட்டும் நம்பி பெர்ஷியன்னு காசு கொடுக்கிறவங்க ஏமாற வாய்ப்பு அதிகம். தாயையும் முடிஞ்சா தகப்பனையும் நேர்ல பார்க்கிறதுதான் வழி.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

முதல்ல வயசு. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குட்டியை விற்கக் கூடாது. நடைமுறையில 35 நாள், 40 நாள் குட்டியெல்லாம் கைமாறுது. சின்னதா இருந்தா அழகா இருக்குன்னு வாங்குறாங்க. ஆனா பூனைக்குட்டி மனுஷங்களோடவும் மத்த பூனைகளோடவும் எப்படிப் பழகணும்னு கத்துக்கிறது ரெண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும். அந்த நேரத்துல தாயை விட்டுப் பிரிச்சா கடிக்கும், பயப்படும், மண் பெட்டிப் பழக்கமும் சரியா வராது. முடிஞ்சா 12 வாரம் வரைக்கும் தாய்கிட்டயே விட்டு வைக்கிறது நல்லது. நாங்களும் 12 வாரம்னுதான் பேசியிருக்கோம்.

விற்கிறவர் சொல்ற வயசைச் சரிபார்க்க மூணு வழி இருக்கு:

- கண்: எல்லாக் குட்டிக்கும் பிறக்கும்போது நீலக் கண்தான். ஆறு, ஏழு வாரத்துல நிறம் மாற ஆரம்பிக்கும். "ரெண்டரை மாசம் ஆச்சு"ன்னு சொல்ற குட்டிக்குக் கண்ணு இன்னும் மங்கின நீலமா இருந்தா சந்தேகப்படுங்க. வெள்ளைப் பூனைக்கும், சயாமீஸ் மாதிரி முகமும் வாலும் மட்டும் கறுத்திருக்கிற ஹிமாலயன் வகைக்கும் இது பொருந்தாது. அவற்றுக்குக் கடைசி வரை நீலமா இருக்கலாம்.
- பல்: எட்டு வாரத்துல பால்பல் ஏறக்குறைய முழுசா வந்திருக்கும்.
- எடை: குட்டி மாசத்துக்கு ஏறக்குறைய 450 கிராம் ஏறும். ரெண்டு மாசக் குட்டின்னா 800, 900 கிராம் இருக்கணும். சமையலறைத் தராசுல நிறுத்துப் பார்த்தா போதும்.

அடுத்தது முகம். நம்ம ஊர் வியாபாரத்துல "டால் ஃபேஸ்", "செமி பஞ்ச்", "பஞ்ச்"னு மூணு ரகமாப் பிரிக்கிறாங்க. மூக்கு எவ்வளவு உள்ள போயிருக்கோ அவ்வளவு விலை. ஆனா மூக்கு உள்ள போகப் போக மூக்குத் துவாரம் சுருங்குது, கண்ணீர் வடிய வேண்டிய குழாய் வளைஞ்சு அடைபடுது, பல் வரிசை கோணுது. கண்ணுக்குக் கீழ பழுப்பா ஒரு கோடு எப்பவும் இருக்கிறதுக்கு அந்த அடைபட்ட குழாய்தான் காரணம். பூனை தன் உடம்புச் சூட்டைத் தணிக்க மூச்சையும் நம்பியிருக்கு. மூச்சே திணறுற முகத்தை மொட்டை மாடிக்குக் கீழ் வீட்டுல வெச்சு வளர்க்கிறது அதுக்கு தண்டனை. எங்களைப் பொறுத்தவரை டால் ஃபேஸ் மட்டும்தான். மூக்கு கண்ணுக்குக் கீழே இருக்கணும், தூங்கும்போது குறட்டை இருக்கக் கூடாது.

மூணாவது, கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு. பிகேடின்னு சொல்ற சிறுநீரகக் கட்டி நோய். சிறுநீரகத்துல நீர்க்கட்டிகள் பிறவியிலேயே இருந்து, வருஷக்கணக்கா மெல்லப் பெருத்து, நடுவயசுல சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். இது ஓங்கு பண்பு. பெற்றோர்ல ஒருத்தருக்கு இருந்தாலே குட்டிக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 2004-ல் இதுக்கான மரபணுப் பிழையைக் கண்டுபிடிக்கிற காலத்துல உலக பெர்ஷியன் பூனைகள்ல மூணுல ஒரு பங்குக்கு மேல இந்த நோய் இருந்ததாக் கணக்கு. தாய்க்கு மரபணுப் பரிசோதனையோ, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ பண்ணியிருக்கான்னு கேளுங்க. வீட்டுல வளர்க்கிற பலருக்கு இது தெரியாது, அதுல தப்பில்ல. நாங்க கேட்டப்ப தாய்ப்பூனைக்கு ஸ்கேன் எடுக்கச் சம்மதிச்சாங்க. செலவு எங்களோடதுன்னு சொல்லிட்டோம்.

அம்மாவின் மூச்சு

"பூனை முடி மூச்சுல போனா ஆஸ்துமா வரும்"னு எங்க வீட்டுக்கு வர்ற எல்லாரும் சொல்லியாச்சு. நீள முடின்னா இன்னும் மோசம்னு அடுத்த வரி. உண்மையில ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் முடி இல்ல. ஃபெல் டி 1 என்கிற புரதம். அது பூனையோட எச்சில்லயும் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகள்லயும் உண்டாகுது. பூனை தன்னை நக்கும்போது முடியில ஒட்டி, காய்ஞ்சு, ரொம்பச் சின்னத் துகளாக் காத்துல மிதக்குது. அதனால முடி நீளமா குட்டையாங்கிறது இதைப் பெரிசாத் தீர்மானிக்கிறதில்ல. மொட்டையா இருக்கிற பூனைகூட இந்தப் புரதத்தை உண்டாக்கும். "ஒவ்வாமை தராத பூனை"ன்னு யாராவது விற்றா நம்ப வேண்டாம்.

இந்தத் துகள் லேசானது. மணிக்கணக்கா மிதக்கும். பூனை போன பிறகும் மெத்தை, திரைச்சீலையில மாசக்கணக்கா இருக்கும். அதாவது, கொண்டு வந்து ஒரு வாரம் பார்த்துட்டு ஒத்துக்கலன்னா திருப்பிக் கொடுக்கலாம்கிறது பாட்டி விஷயத்துல சரியான சோதனை இல்ல.

அதனால வேற வழி எடுத்தோம். அம்மாவோட நெஞ்சு டாக்டரைப் பார்த்து, தோல் பரிசோதனையில பூனை ஒவ்வாமையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னோம். அதுல பூனைக்கு எதிர்வினை வரலை. கரப்பான்பூச்சிக்கும் தூசிப்பூச்சிக்கும்தான் வந்தது. இருந்தாலும் டாக்டர், "நேர்லயும் பாருங்க"ன்னார். அம்மா நாலு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் வீட்டுக்கு வந்து ரெண்டு ரெண்டு மணி நேரம் தாய்ப்பூனையோட உட்கார்ந்தாங்க. இன்ஹேலர் கைப்பையில. வீசிங் வரல. "என்னை வெச்சு டெஸ்ட் பண்றீங்களாடா"ன்னு கேட்டுக்கிட்டே அதைத் தடவிக் கொடுத்தாங்க.

இதுக்கு அப்புறமும் அம்மா படுக்கிற அறைக்குள்ள பூனைக்கு அனுமதி கிடையாது. வாரம் ஒரு முறை மெத்தை விரிப்புகளை வெந்நீர்ல துவைக்கணும், துடைப்பத்தால கூட்டாம ஈரத் துணியால துடைக்கணும். உங்க வீட்டுல பரிசோதனையில எதிர்வினை வந்தா, குட்டியைத் தள்ளிப் போடுங்க. இன்னொரு பூனை எப்ப வேணும்னாலும் கிடைக்கும்.

கர்ப்பிணிகள் இருக்கிற வீட்டுல டாக்ஸோபிளாஸ்மா பயம் வரும். நியாயமானதுதான், ஆனா அளவோட. பூனை மலத்துல வர்ற அந்தக் கிருமி தொற்றுற நிலைக்கு மாற ஒரு நாளிலிருந்து அஞ்சு நாள் வரை ஆகும். பெட்டியைத் தினமும் வேற ஒருத்தர் சுத்தம் பண்ணினா, பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காம வீட்டுக்குள்ளயே வெச்சிருந்தா, ஆபத்து ரொம்பக் குறைவு.

வெயில்

நுங்கம்பாக்கத்துல 2003 மே மாசம் 45 டிகிரி பதிவாச்சு. சாதாரண வருஷத்துலயே 40 தாண்டுற நாள் இருக்கு. பூனையின் மூதாதை பாலைவனத்துக் காட்டுப்பூனை. அதனால 30-லிருந்து 38 டிகிரி வரை குட்டை முடிப் பூனைக்குப் பெரிய சிரமம் இல்ல. நீள முடி, சப்பை முகம், சென்னையின் ஈரக் காத்து மூணும் சேரும்போதுதான் பிரச்சினை. பூனைக்கு உள்ளங்கால்ல மட்டும்தான் வேர்வை. மீதிச் சூட்டை முடியை நக்கி, எச்சில் ஆவியாகிற வழியாத் தணிக்குது. காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா எச்சிலும் ஆவியாகாது.

அதுக்காக முழுசா மொட்டையடிக்கிறது தீர்வு இல்ல. தோலுக்கு வெயில் காப்பு போயிடும். சிக்கு இல்லாம சீவின முடிக்குள்ள காத்து போகும். சிக்குப் பிடிச்ச முடி கம்பளி மாதிரி மூடிக்கும். வயிற்றுப் பகுதியையும் பின்பக்கத்தையும் மட்டும் குறைச்சு வெட்டினா போதும்னு டாக்டர் சொன்னார்.

வீட்டுக்கு நாங்க பண்ணிக்கிட்டிருக்கிறது: மொட்டை மாடிக்கு வெள்ளைக் கூலிங் பெயிண்ட், மேற்கு ஜன்னலுக்கு வெட்டிவேர்த் தட்டி, கீழே டைல்ஸ் வெறுமையா இருக்கிற ஒரு மூலை. கரண்ட் போனா ஒரு ஃபேனாவது ஓட இன்வர்ட்டர். பூனை நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினா அது சாதாரணம் இல்ல, அவசரம். உடனே சாதாரணத் தண்ணியால உடம்பை நனைச்சு, ஃபேன் போட்டு, டாக்டர்கிட்ட ஓடணும். ஐஸ் தண்ணி ஊத்தக் கூடாது.

சிக்கு எடுக்கிறது

நீள முடிப் பூனை வளர்ப்புல பாதி வேலை இதுதான். தினம் பத்து நிமிஷம், தவறாம. தலைமுடி நீளமா இருக்கிற பொண்ணை வெச்சிருக்கிற எந்த அம்மாவுக்கும் இது புதுசில்ல. பல் அகலமா இருக்கிற ஸ்டீல் சீப்பால முதல்ல, அப்புறம் நெருக்கமான பல் சீப்பால. கடைசியா நம்ம பேன் சீப்பு மாதிரி ஒண்ணால கழுத்தைச் சுத்தி. கறுப்புப் பொடி மாதிரி எதாவது விழுந்தா ஈரமான டிஷ்யூவுல தேய்ச்சுப் பாருங்க. சிவப்பா கரைஞ்சா அது தெள்ளுப்பூச்சியின் கழிவு.

சிக்கு விழுற இடங்கள் காதுக்குப் பின்னாடி, அக்குள், வயிறு, பின்னங்கால் தொடை. மேல மேல பிரஷ் ஓட்டினா அழகாத் தெரியும், அடியில கட்டியாகிக்கிட்டே இருக்கும். அதனால வகிடு எடுக்கிற மாதிரி முடியைப் பிரிச்சு, தோல் தெரியிற வரைக்கும் சீவணும்.

மூணு எச்சரிக்கை. சிக்கைக் கத்தரிக்கோலால வெட்டாதீங்க. பூனைத் தோல் ரொம்ப மெல்லிசு, சிக்கோட சேர்ந்து கூடாரம் மாதிரி மேல எழும்பும், தோலையே வெட்டிடுவோம். சிக்கு எடுக்காம குளிப்பாட்டாதீங்க. ஈரம் பட்டா இன்னும் இறுகும். கொஞ்சம் சோள மாவு தூவி விரலால பிரிச்சா பல சிக்கு வந்துடும். வராததை டாக்டர்கிட்ட மெஷின்ல எடுக்கலாம். குளிப்பாட்டினா அடிமுடி வரைக்கும் காய வைக்கணும். நம்ம மழைக்காலத்துல அரைகுறையாக் காய்ஞ்ச முடிதான் அடுத்த பிரச்சினையைக் கொண்டு வரும்.

படர்தாமரை

மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்கிற பூஞ்சையால வர்றது. பெர்ஷியன் பூனைக்கு இது மத்த இனங்களைவிட அதிகம். நீள முடிக்குள்ள மறைஞ்சே இருக்கும். மனுஷங்களுக்கும் பரவும், குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் சீக்கிரம். அதன் வித்துகள் வீட்டுல ஒரு வருஷத்துக்கு மேலயும் உயிரோட இருக்கும். குட்டியைத் தூக்கும் முன்னாடி காது ஓரம், மூக்கு, முன்னங்காலைப் பாருங்க. வட்டமா முடி கொட்டின இடம், சாம்பல் மாதிரி செதில் இருந்தா வாங்காதீங்க. டாக்டர்கிட்ட வுட்ஸ் லேம்ப்னு ஒரு ஊதா விளக்கு இருக்கு. அந்த வெளிச்சத்துல பாதிச்ச முடி பல நேரம் பச்சையா ஒளிரும். ஒளிரலன்னா நோயே இல்லைன்னு அர்த்தம் இல்ல. சந்தேகம் இருந்தா முடியை எடுத்து வளர்த்துப் பார்ப்பாங்க.

நம்ம வீட்டுக்குள்ள இருக்கிற விஷம்

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது. பல மருந்துகளையும் ரசாயனங்களையும் உடைச்சு வெளியேத்துறதுக்கு மனுஷக் கல்லீரல்ல இருக்கிற ஒரு முக்கிய நொதி பூனைக்கு வேலை செய்யாது. அதை உண்டாக்குற மரபணுவே பழுது. கறியை மட்டும் தின்னு வாழ்ந்த இனம், செடிகளின் நச்சை முறிக்க வேண்டிய தேவை இல்லாமப் போனதால அது இழந்த திறமைன்னு கருதுறாங்க. அதன் விளைவு இதெல்லாம்:

- பாராசிட்டமால்: ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். காய்ச்சல்னு நினைச்சு டோலோ, குரோசின் எதுவும் கொடுக்கவே கூடாது.
- பினாயில்: தரை துடைச்ச பினாயில்ல நடந்து, பாதத்தை நக்கும். சோப்புத் தண்ணிக்கு மாறிட்டோம். நீலகிரித் தைலம், அந்துருண்டை, கற்பூரம் எல்லாம் மூடி போட்ட டப்பாவுல.
- நாய்க்கான தெள்ளு மருந்து: பெர்மெத்ரின் உள்ள சொட்டு மருந்து பூனைக்கு வலிப்பு வர வைக்கும், உயிருக்கே ஆபத்து. "நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான்"னு கடையில சொன்னாலும் பெட்டியைப் படிங்க.
- வெங்காயம், பூண்டு: ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவெச்சாலும் போகாது. குழம்புல கிடந்த மீன் துண்டும் இதுல சேரும்.
- லில்லி, செங்காந்தள்: பூங்கொத்துல வர்ற உண்மையான லில்லியோட மகரந்தம் பட்டாலே சிறுநீரகம் போகும். செங்காந்தள் நம்ம மாநிலப் பூ, ஆனா அதுல கோல்ச்சிசின் என்கிற கடும் விஷம் இருக்கு.
- பூ கட்டுற நூல்: இது விஷம் இல்ல, ஆனா அதே அளவு ஆபத்து. பூனை நாக்குல முள்ளு உள்நோக்கி இருக்கிறதால நூல் வாய்க்குள்ள போனா துப்ப முடியாது. குடல் சுருங்கி, அறுபடும். வாயிலயோ பின்பக்கத்துலயோ நூல் தொங்கினா இழுக்காதீங்க, டாக்டர்கிட்ட போங்க. அம்மா இனி பூ கட்டி முடிச்சதும் நூல்கண்டு டப்பாவுக்குள்ள.

கொசுவத்தி, சாம்பிராணி புகையை நிறுத்தி ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சோம். அது அம்மாவுக்கும் நல்லது. பால்கனிக்கு புறா வலை. முதல் மாடிதானேன்னு விட வேண்டாம். கீழே விழுந்து பிழைச்சாலும் தெருநாய், வண்டி, அக்கம்பக்கத்து எலி மருந்து எல்லாம் இருக்கு.

சாப்பாடு, தண்ணி, மண்

பால் சோறும் தயிர் சாதமும் பூனைச் சாப்பாடு இல்ல. தாய்ப்பால் மறந்ததும் பாலைச் செரிக்கிற திறமை பெரும்பாலான பூனைக்குக் குறைஞ்சுடும், பேதிதான் மிச்சம். பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்கிற பொருள் இறைச்சியில இருந்துதான் வேணும். அது குறைஞ்சா இதயத் தசை தளர்ந்து வீங்கும், கண்ணும் போகும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987-ல் கலிஃபோர்னியாவில் உறுதியாச்சு. அதுக்கு அப்புறம் பூனைத் தீவனத்துல அதை அதிகமாச் சேர்த்தாங்க.

வெறும் வேகவெச்ச கோழிக்கறியும் முழு உணவு இல்ல. அதுல கால்சியம் இல்ல, வளர்ற குட்டிக்கு எலும்பு வளைஞ்சு முறியும். அதனால அடிப்படை உணவு குட்டிகளுக்கான தயார் தீவனம், கூட உப்பு மசாலா இல்லாத கோழி கொஞ்சம். முதல் வாரம் அம்பத்தூர்ல சாப்பிட்ட அதே பிராண்ட். மாத்தணும்னா பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா.

பூனைக்குத் தாகம் குறைவு. தண்ணியைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல வைக்காம, ரெண்டு மூணு இடத்துல அகலமான எவர்சில்வர் கிண்ணத்துல வெச்சா அதிகம் குடிக்கும். ஈரத் தீவனமும் உதவும். ஆண் பூனை மண் பெட்டிக்கு அடிக்கடி போயும் சிறுநீர் வரலன்னா, அடைப்பு. ரெண்டு நாள்ல உயிர் போயிடலாம், காலை வரைக்கும் காத்திருக்காதீங்க.

மண் பெட்டிக்கு கட்டியாகிற பெண்டோனைட் மண் நல்லா வேலை செய்யும். கட்ச் பகுதியில தோண்டி எடுக்கிற களிமண்தான் அது. ஆனா குட்டி அதைத் தின்னு பார்க்கும், நீள முடியிலயும் ஒட்டும். முதல் சில மாசம் மரத்தூள் உருண்டை. ஒரு பூனைக்கு ரெண்டு பெட்டி, சாப்பாட்டிலிருந்து தள்ளி.

ஊசியும் டாக்டரும்

பூனைக்குட்டிகளைக் கொத்தாக் கொல்ற நோய் பேன்லூக்கோபீனியா. நாய்க்கு வர்ற பார்வோவின் உறவு. வெளியில ஒரு வருஷம் வரைக்கும் உயிரோட இருக்கக்கூடிய வைரஸ், தெருவிலிருந்து செருப்புலயே வீட்டுக்குள்ள வரும். செருப்பை வாசல்ல விடுற நம்ம பழக்கம் இங்க கைகொடுக்குது. இதையும், சளி தர்ற ரெண்டு வைரஸையும் சேர்த்துத் தடுக்கிற ஊசியை 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 16 வாரம் தாண்டுற வரை மூணு நாலு வாரத்துக்கு ஒரு முறை போடணும். தாய்ப்பால் மூலமா வந்த எதிர்ப்பு சக்தி ஊசியை வேலை செய்யவிடாமத் தடுக்கும், அது எப்ப குறையும்னு சொல்ல முடியாது. அதனாலதான் ஒரே ஊசி போதாது. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்கு அப்புறம். குடற்புழு மருந்து குட்டியா இருக்கும்போது ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாசம் வரை மாசம் ஒரு முறை.

குட்டி விளையாட்டுக்குப் பிராண்டினாலும் சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவி, டாக்டரைப் பார்க்கணும். அரசு ஆஸ்பத்திரியில ரேபிஸ் தடுப்பூசி இலவசம்.

கருத்தடை நாலிலிருந்து ஆறு மாசத்துக்குள்ள. குளிர் நாடுகள்ல பகல் நீளும்போதுதான் பூனைக்குச் சினைப்பருவம். நம்ம ஊர்ல வருஷம் முழுக்கப் பகல் ஏறக்குறைய ஒரே அளவு, அதனால சீசனே கிடையாது. தள்ளிப் போட்டா ராத்திரி முழுக்கக் கத்தல்தான்.

டாக்டரை முன்னாடியே பார்த்து வைங்க. ஆவடி, பட்டாபிராம் பக்கம் தனியார் கிளினிக்குகள் இருந்தாலும், ஸ்கேன், பெரிய ஆபரேஷன்னா 1903-ல் தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி ஆஸ்பத்திரி இருக்கு. நெமிலிச்சேரியிலிருந்து 25 கிலோமீட்டருக்கு மேல. ராத்திரி எந்த வழியா, யார் வண்டியில போறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கிட்டோம்.

முதல் வாரம்

காலை எட்டு மணிக்குள்ள, கதவு உள்ள பிளாஸ்டிக் கூண்டுல, தாய் படுத்த துணியோட கூட்டிட்டு வரணும். கூண்டு மேல காத்து போகிற பருத்தித் துண்டு. வந்ததும் வீடு முழுக்கத் திறந்து விடாம ஒரே ஒரு அறை. ஒரு மூலையில மண் பெட்டி, எதிர் மூலையில சாப்பாடு, நடுவுல ஒளிஞ்சுக்க ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. அது வெளியில வர்ற வரைக்கும் நாம இழுக்கக் கூடாது. மகள் தரையில உட்கார்ந்து புத்தகம் படிக்கணும், குட்டி தானா வந்து மோந்து பார்க்கணும். உறவுக்காரங்க பார்க்க வர்றது பத்து நாள் கழிச்சு. குட்டி 24 மணி நேரம் ஒண்ணுமே சாப்பிடலன்னா டாக்டர். சீப்பை மூணாவது நாள்லயே காட்டி, ரெண்டு தடவை தடவிட்டு, ஒரு துண்டு கோழி. அப்படித்தான் தினம் பத்து நிமிஷம் பழகும்.

இப்போதைக்கு முடிவு

தீவனம், மண், மருந்து, கருத்தடைக்கு ஒதுக்குறது எல்லாம் சேர்த்து மாசம் 3,500 ரூபாய்னு கணக்குப் போட்டிருக்கேன். காசைவிடப் பெரிய செலவு தினம் அந்தப் பத்து நிமிஷம். அதை யார் செய்வாங்கன்னு கேட்டப்ப மகள் கையைத் தூக்கினா. பத்து வயசுப் பொண்ணோட வாக்கை மட்டும் நம்பி ஒரு உயிரைக் கொண்டு வர முடியாது. பரீட்சை நாள்ல அந்த வேலை என்னோடது, நான் ஊர்ல இல்லாதப்ப என் மனைவியோடதுன்னு எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டியாச்சு.

குட்டிகளுக்கு இப்ப ஒன்பது வாரம். தாயோட ஸ்கேன் வர்ற புதன்கிழமை. அதுல கட்டி எதுவும் இல்லைன்னா மூணு வாரத்துல குட்டி வரும். இருந்தா இந்தக் குட்டி வேண்டாம்னு மகள்கிட்ட முன்னாடியே சொல்லிட்டோம். அழுதா. அப்புறம், "அப்ப அந்த நாலு குட்டிக்கும் யாருப்பா டாக்டர் செலவு பார்ப்பாங்க?"ன்னு கேட்டா. அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்ல. புறா வலை அடிக்கிறவர் மட்டும் சனிக்கிழமை வர்றார். எந்தப் பூனை வந்தாலும் அது தேவைப்படும்.